நின்றவன் எதற்காக நின்றான்? பழங்காலப் போர்களில் காலம் கடத்தியவர்கள் பற்றி ஒரு கேள்வி

நொய்யல்கரையான்
சனி, இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். தறி ஓடிக்கொண்டிருக்கிறது, தூக்கம் வரவில்லை, அதனால் இந்தக் கேள்வி.

எங்கள் தோட்டத்தில் கிணற்று மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நடுகல் இருக்கிறது. இடுப்பளவு உயரம். ஓர் ஆள் வில்லைப் பிடித்து நிற்கிறான், இடையில் குறுவாள். அவன் முதுகுக்குப் பின்னால் மூன்று மாடுகள் வரிசையாக நடந்து போகின்றன. எழுத்து இருந்திருக்கலாம். பல தலைமுறையாக எண்ணெயும் மஞ்சளும் பூசிப் பூசி, இப்போது விரலால் தடவினாலும் ஒன்றும் அகப்படவில்லை. பட்டிப் பொங்கலன்று முதல் படையல் அந்தக் கல்லுக்குத்தான்.

போன வாரம் பங்காளி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "ஒற்றை ஆள் நின்று என்ன சாதித்திருப்பான்? ஓடியிருந்தால் உயிராவது மிஞ்சியிருக்கும்" என்றார். எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. கிரேக்கத்தில் தெர்மோபிலே கணவாயில் 300 பேர் மூன்று நாள் நின்றார்கள் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் முடிவில் அவர்களும் செத்தார்கள், பாரசீகப் படையும் உள்ளே போய்விட்டது. ரோமில் ஃபேபியஸ் என்ற தளபதி சண்டையே போடாமல் இழுத்தடித்தாராம், அவரையும் புகழ்கிறார்கள். நின்று சாவதும் சண்டைக்குப் போகாமல் தள்ளிப்போடுவதும் எப்படி ஒரே வகை ஆகும்? பழங்காலப் போரில் காலம் கடத்துவதால் உண்மையில் என்ன கிடைத்தது?

மஞ்சள்மண்டி
ஞாயிறு, காலை 6.15

தம்பி, மஞ்சளை வேகவைத்துக் காயப்போட்டு மெருகேற்றியவுடன் விற்றே ஆகவேண்டியவனும் இருக்கிறான். குடோனில் போட்டுவிட்டு விலைக்காக இரண்டு வருடம் உட்கார்ந்திருப்பவனும் இருக்கிறான். இரண்டு பேரும் விவசாயிதான். உட்கார்ந்திருப்பவனுக்குப் பொறுமை அதிகம் என்று ஊரில் சொல்வார்கள். பொறுமையெல்லாம் ஒன்றுமில்லை, அவனுக்கு வட்டிக்கடன் இல்லை, அவ்வளவுதான். போரிலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, நாள் போகப்போக யாருக்கு வட்டி ஏறுகிறது என்பது.

கணவாய்க்காற்று
ஞாயிறு, காலை 9.30

மண்டிக்கார அண்ணன் சொன்னதிலிருந்தே தெர்மோபிலேவைப் பார்க்கலாம். சரியான தகவலோடு பார்ப்போம், ஏனென்றால் அந்த 300 என்ற எண் எல்லோரையும் கெடுத்து வைத்திருக்கிறது.

கி.மு. 480. கணவாயில் முதலில் நின்றது சுமார் 7,000 கிரேக்கர்கள். அதில் ஸ்பார்ட்டா அரசர் லியோனிடாஸ் அழைத்து வந்த ஸ்பார்ட்டர்கள் 300 பேர். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், நடுவில் சில இடங்களில் ஒரு வண்டி போகும் அகலம்தான். நான் இருக்கும் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். இங்கே 300 பேரை நிறுத்தினால் காற்றைக்கூடத் தடுக்க முடியாது. இடம் குறுகலாக இருந்தால்தான் எண்ணிக்கைக்கு மதிப்புக் குறையும்.

பாரசீக அரசன் ஜெர்க்சீஸ் வந்தவுடன் தாக்கவில்லை. நான்கு நாள் காத்திருந்தான், கிரேக்கர்கள் தானாகவே ஓடிவிடுவார்கள் என்று. பிறகு இரண்டு நாள் நேருக்கு நேர் மோதிப் பார்த்தும் வழி கிடைக்கவில்லை. மூன்றாம் நாள், எஃபியால்டிஸ் என்பவன் காட்டிக்கொடுத்த மலைப்பாதை வழியாகப் பின்னால் வந்துவிட்டார்கள். ஆக, மூன்று நாள் என்று சொல்வது சண்டை நடந்த கணக்கு. அந்தப் பெரும்படை அங்கே முடங்கிக் கிடந்தது ஏறத்தாழ ஒரு வாரம்.

இதில் பலர் விட்டுவிடுவது கடலை. அதே நாட்களில் பக்கத்திலேயே ஆர்ட்டெமிசியம் நீரிணையில் கிரேக்கக் கப்பல்கள் பாரசீகக் கப்பல்களை மறித்து நின்றன. கப்பல்கள் விலகினால் பாரசீகர்கள் கணவாய்க்குப் பின்னால் ஆளை இறக்கிவிடுவார்கள். கணவாய் விழுந்தால் கப்பல்கள் அங்கே நிற்பதில் பொருளே இல்லை. இரண்டும் ஒரே கதவின் இரண்டு பலகைகள். கதவு மூடியிருக்கும்வரை, அவ்வளவு பெரிய படை ஒரே இடத்தில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கவேண்டும்.

நொய்யல்கரையான்
ஞாயிறு, காலை 10.05

அக்கா, தவறாக நினைக்கவேண்டாம். கதவு உடைந்த பிறகு ஆதென்ஸ் எரிந்ததே? ஒரு வாரத்தால் என்ன காப்பாற்றப்பட்டது?

கணவாய்க்காற்று
ஞாயிறு, காலை 10.40

ஊர் எரிந்தது உண்மை. எரிந்தபோது ஊரில் பெரும்பாலோர் இல்லை. ஆர்ட்டெமிசியத்திலிருந்து திரும்பிய கப்பல்கள் சலாமிஸ் தீவருகே நின்று, ஆதென்ஸ் மக்கள் பெண்டுபிள்ளைகளோடு வெளியேற உதவின. அதே கப்பல்கள்தான் பிறகு சலாமிஸில் பாரசீகக் கடற்படையை உடைத்தன. வீடு போயிற்று, ஆளும் கப்பலும் மிஞ்சின.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் பாதி எனக்கும் உண்டு. லியோனிடாஸ் "நான் ஒரு வாரம் தாமதப்படுத்தப் போகிறேன்" என்று திட்டமிட்டுப் போகவில்லை. அவர் போனது பிடித்து நிறுத்துவதற்கு. பின்னால் பெரிய படை வரும் என்ற நம்பிக்கையில். அது வரவில்லை. காலம் கடத்தியது என்று நாம் இப்போது சொல்வது, தோற்றுப்போன ஒரு தடுப்பைத் திரும்பிப் பார்த்து வைத்த பெயர்.

சுபேதார்_ஓய்வு
ஞாயிறு, மதியம் 1.20

அம்மணி சொன்னது சரி, ஆனால் கடைசி நாளைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். மலைப்பாதை எதிரி கைக்குப் போய்விட்டது என்று தெரிந்தவுடன் லியோனிடாஸ் படையின் பெரும்பகுதியை அனுப்பிவிட்டார். 300 ஸ்பார்ட்டர்கள், 700 தெஸ்பியர்கள், 400 தீபர்கள் தங்கினார்கள். (தெஸ்பியர்கள் 700 பேர் செத்ததை யாரும் பாடுவதில்லை. சின்ன ஊர்க்காரனுக்கு எப்போதும் இதே கதிதான்.)

எல்லோரும் சேர்ந்தே கிளம்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கணவாயைத் தாண்டினால் திறந்த நிலம், எதிரியிடம் குதிரைப்படை. முதுகைக் காட்டி நடக்கும் காலாட்படையைக் குதிரை பிடித்தால் அது போராக இருக்காது, வெட்டுதான். பழங்காலப் போர்களில் அணி நிற்கும்வரை இரு பக்கமும் சாவு குறைவு. அணி உடைந்து ஓடும்போதுதான் பிணம் குவியும். ஆகவே யாராவது ஒரு பகுதி நின்றால்தான் மற்றவர்கள் நடந்து போக முடியும்.

படையில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். முன்னேறுவது எளிது. அசையாமல் நிற்பது கொஞ்சம் கடினம். எதிரியோடு கை கலந்த நிலையில் பின்வாங்குவதுதான் எல்லாவற்றிலும் கடினம். எதிரிக்குப் பயம் காட்டவேண்டும், தன் ஆள் பயப்படக்கூடாது. எவ்வளவு நேரம் நிற்பது, எப்போது நகர்வது என்று ஒருவன் கணக்காகச் சொல்லவேண்டும். ஒரு நிமிடம் முன்னால் நகர்ந்தால் நின்றதே வீண். ஒரு நிமிடம் தாமதித்தால் நகரவே முடியாது.

புலவர்_பவானி
ஞாயிறு, மாலை 5.00

இளைஞர் நொய்யல்கரையானுக்கு.

உங்கள் கேள்விக்குப் பதில் தேட கிரேக்கம் வரை போனது தவறில்லை. ஆனால் வீட்டு அலமாரியிலும் கொஞ்சம் பார்த்திருக்கலாம். தொல்காப்பியப் புறத்திணையியல் இந்தக் காரியத்துக்கு ஒன்றுக்கு மூன்று பெயர் வைத்திருக்கிறது, மூன்றும் வேறு வேறு.

முதலாவது, வெட்சி. ஆநிரை கவரும் வேலை. அதன் துறைகளில் ஆகோள் என்பது மாட்டைப் பிடிப்பது. அதற்கு அடுத்தது பூசல் மாற்று. துரத்தி வருபவர்களின் போரை விலக்குவது. அதற்கும் அடுத்தது நோயின்று உய்த்தல். மாடு துன்பப்படாமல் ஓட்டிக்கொண்டு போவது. இந்த வரிசையைக் கவனியுங்கள். நடுவில் உள்ளவன் பின்னால் நின்று சண்டையைத் தாங்கினால்தான் முன்னால் போகும் மாட்டை அடித்து விரட்டாமல், சினை மாடும் கன்றும் நலமாகப் போகும்படி நடத்த முடியும்.

இரண்டாவது, வஞ்சி. நாடு பிடிக்கும் படையெடுப்பு. அதில் ஒரு துறை: "வருவிசைப் புனலைக் கற்சிறை போல ஒருவன் தாங்கிய பெருமை". பாய்ந்து வரும் வெள்ளத்தைக் கல்லணை தாங்குவதுபோல ஒருவன் பகைப்படையைத் தாங்கினான்.

மூன்றாவது, தும்பை. இருவர் நேருக்கு நேர் பொருவது. அங்கே "உடைபடை புக்குக் கூழை தாங்கிய எருமை" என்று வருகிறது. கூழை என்றால் படையின் பின்பகுதி. தன் படை உடைந்து ஓடுகிறது. அதற்குள் எதிர்த் திசையில் புகுந்து, வால்பகுதியைத் தாங்கி நிற்பவனுக்கு எருமை என்று பெயர். புறப்பொருள் வெண்பாமாலை இதை எருமை மறம் என்றே சொல்கிறது. இன்று யாரையாவது எருமை என்றால் அடிக்க வருவார். அன்று அது பட்டம்.

சுபேதார் அவர்கள் பிரித்துச் சொன்ன அதே பிரிவு இங்கே இருக்கிறது. கணவாயில் முதல் இரண்டு நாள் நடந்தது கற்சிறை. கடைசி நாள் நடந்தது எருமை மறம்.

மஞ்சள்மண்டி
ஞாயிறு, மாலை 5.25

ஐயா, எருமை என்பது மிகப் பொருத்தம். மழையிலும் நகராது, ஹாரன் அடித்தாலும் நகராது. பெருந்துறை ரோட்டில் தினமும் பார்க்கிறேன்.

கோபிக்காரன்
ஞாயிறு, மாலை 6.10

கற்சிறை என்ற உவமை பற்றி ஒரு வார்த்தை. நான் பாசனத்தோடு வளர்ந்தவன். கொடிவேரி அணையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கல் பவானியை நிறுத்துவதே இல்லை. தண்ணீர் அதன் தலைக்கு மேல் வழிந்து போய்க்கொண்டேதான் இருக்கிறது. கல் செய்யும் வேலை தண்ணீரைக் கொஞ்சம் மேலேற்றி, வேகத்தைக் கொன்று, தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களுக்குத் திருப்பிவிடுவது. பழைய கல்லணைகள் எல்லாம் இப்படித்தான். முழுவதும் நிறுத்தப் பார்த்த கல்லை ஆறு எடுத்துக்கொண்டு போய்விடும்.

அந்தத் துறைக்குப் பெயர் வைத்தவர் ஆற்றங்கரையில் நின்றவராகத்தான் இருக்கவேண்டும். வெள்ளத்தைத் தாங்குகிறான் என்கிறார், தடுத்துவிட்டான் என்று சொல்லவில்லை. அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வாய்க்கால் வெட்டியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. வாய்க்கால் இல்லாத இடத்தில் கல்லைப் போட்டால் அது வெறும் கல்.

நொய்யல்கரையான்
ஞாயிறு, இரவு 9.00

கோபி அண்ணா, இதைப் படித்துவிட்டுத் தறியை நிறுத்திவிட்டேன். லியோனிடாஸுக்கு வாய்க்கால் என்பது கப்பல்களும் திரும்பிப் போன படையும். சரி, ஃபேபியஸுக்கு வாய்க்கால் எது? அவர் எங்கும் நின்று தாங்கவே இல்லையே?

கணவாய்க்காற்று
ஞாயிறு, இரவு 10.15

ஃபேபியஸ் கதை வேறு. அவர் ஆற்றில் கல் போடவில்லை, ஆறு வற்றும்வரை கரையில் நடந்தார்.

கி.மு. 217இல் டிராசிமீன் ஏரிக்கரையில், வட ஆப்பிரிக்கக் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் ஒரு ரோமப் படையையே முடித்துவிட்டான். ரோம் பதறிப்போய் ஃபேபியஸை ஆறு மாத சர்வாதிகாரியாக நியமித்தது. ஹன்னிபால் சமவெளியில் இருந்தால் இவர் குன்றின்மேல் இருப்பார். அவன் நகர்ந்தால் இவரும் நகர்வார். பெரும்போருக்கு எத்தனை முறை அழைத்தும் இறங்கமாட்டார். அவன் தீவனத்துக்கும் தானியத்துக்கும் சிறு கூட்டங்களை அனுப்பும்போது மட்டும் அந்தக் கூட்டங்களைப் பிடித்து அடிப்பார்.

ஹன்னிபால் இருந்தது பகைவர் நாட்டில். அவனுக்கு வீடு கடலுக்கு அப்பால். செத்த வீரனுக்கு ஈடு கிடைப்பது அரிது. ரோமுக்கோ அடுத்த வருடம் இன்னொரு படையைத் திரட்ட ஆள் இருந்தது. மண்டிக்கார அண்ணன் கேட்ட கேள்விக்கு இங்கே பதில் தெளிவு, வட்டி ஏறியது ஹன்னிபாலுக்கு.

ஆனால் ரோமர்களுக்கு இது அவமானமாக இருந்தது. விளைந்த நிலம் கண்ணெதிரே எரிகிறது, தளபதி மேலே உட்கார்ந்து பார்க்கிறார். "தாமதக்காரர்" என்று பொருள்படும் குங்க்டேட்டர் என்ற பட்டம் ஏளனமாக வந்தது, பிறகுதான் பெருமையானது. ஹன்னிபால் ஒரு தந்திரமும் செய்தான்: சுற்றியிருந்த நிலத்தையெல்லாம் எரித்துவிட்டு ஃபேபியஸின் நிலத்தை மட்டும் தொடாமல் விட்டான். ஊரில் சந்தேகம் கிளம்பாமல் இருக்குமா? அவர் அந்த நிலத்தையே விற்று, பிடிபட்ட ரோமர்களை மீட்கப் பணம் கட்டினார்.

அவர் பதவி முடிந்தது. அடுத்த வருடம் வந்தவர்கள் நேரே போருக்கு இறங்கினார்கள். கானே, கி.மு. 216. ஒரே நாளில் சுமார் 50,000 ரோமர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு ரோம் ஃபேபியஸ் வழிக்கே திரும்பியது. ஹன்னிபால் இத்தாலியை விட்டுக் கிளம்பியது கி.மு. 203இல்.

காங்கயத்தான்
ஞாயிறு, இரவு 10.40

அக்கா, இதே ஃபேபியஸிடமிருந்துதானே ஹன்னிபால் மாட்டுக் கொம்பில் தீ கட்டித் தப்பினான்? அதைச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஊருக்கு மரியாதை இல்லை.

கணவாய்க்காற்று
ஞாயிறு, இரவு 10.55

அவரிடமிருந்துதான். ஹன்னிபாலை ஒரு பள்ளத்தாக்கில் அடைத்து, வெளியேறும் வழியில் ஆளை நிறுத்தியிருந்தார். இரவில் சுமார் 2,000 எருதுகளின் கொம்பில் சுள்ளிக்கட்டைக் கட்டிக் கொளுத்தி மலைச்சரிவில் விரட்டினான். வழியைக் காத்த ரோமர்கள், படைதான் மலை ஏறுகிறது என்று நினைத்து அந்தப் பக்கம் ஓடினார்கள். உண்மைப் படை காலியான வழியில் நடந்து போய்விட்டது. ஃபேபியஸ் இருட்டில் முகாமை விட்டு அசையவே இல்லை. அசையாததற்கும் திட்டு வாங்கினார்.

காங்கயத்தான்
ஞாயிறு, இரவு 11.02

2,000 எருது! ஒரு ஜோடி என்ன விலை விற்கிறது என்று அந்த ஆளுக்குத் தெரியுமா?

திம்பம்_வளைவு
திங்கள், காலை 7.30

நம் ஊரிலேயே இருக்கிறது. 1790 செப்டம்பரில் திப்பு சுல்தான் கஜல்ஹட்டி கணவாய் வழியாக இறங்கி வந்தபோது, சத்தியமங்கலத்தில் இருந்த கர்னல் ஃபிளாயிடின் ஆங்கிலேயப் படை ஒரு நாள் முழுவதும் தாங்கி நின்றுவிட்டு, பீரங்கிகள் சிலவற்றைக் கைவிட்டுப் பின்வாங்கியது. அதன் பெரும்படை வேறிடத்தில் இருந்தது. அதோடு போய்ச் சேருவதுதான் நோக்கம். பிறகு திப்பு ஈரோட்டையும் தாராபுரத்தையும் பிடித்தார். இதுவும் எருமை மறம்தானே?

நெறியாளர்
திங்கள், காலை 8.00

இழை பழங்காலப் போர்கள் பற்றியது. மைசூர்ப் போர்களுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடரலாம். (தனிப்பட்ட முறையில்: ஆம், எருமை மறம்தான்.)

மஞ்சள்மண்டி
திங்கள், காலை 8.45

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஓர் ஆளுக்கு நாளைக்கு ஒரு கிலோ தானியம் என்று வையுங்கள். 10,000 பேர் படைக்கு நாளைக்கு 10 டன். பொதிமாடு ஒன்று 100 கிலோ சுமக்கும் என்றால், ஒரே ஒரு நாள் சாப்பாட்டுக்கு 100 மாடு. பத்து நாள் உட்கார்ந்தால் 1,000 மாட்டுச் சுமை. அந்த மாடு என்ன தின்னும்? யானை இருந்தால் கேட்கவே வேண்டாம், ஒரு யானை நாளைக்கு 150 கிலோவுக்குக் குறையாமல் தீவனம் கேட்கும். சுற்று வட்டாரத்துப் புல் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். குடிக்கும் தண்ணீரில் சாணமும் மூத்திரமும் கலக்கும். அடுத்தது பேதி.

ஆகவே முற்றுகை என்றால் வெளியே இருப்பவன் வலியவன், உள்ளே இருப்பவன் அகப்பட்டவன் என்று நினைக்காதீர்கள். இரண்டு பேருமே பட்டினிப் பந்தயம் ஓடுகிறார்கள். உள்ளே குதிர் நிறைய இருந்தால் உள்ளே இருப்பவன்தான் முற்றுகை போடுகிறான்.

புலவர்_பவானி
திங்கள், காலை 11.30

மண்டிக்காரர் கணக்கைக் கபிலர் ஏற்கெனவே போட்டுவிட்டார். பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றியிருந்தபோது பாடிய புறநானூறு 109. அந்த மலையில் உழவர் உழாத விளைச்சல் நான்கு உண்டு: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். சுனைகளில் தண்ணீர். நீங்கள் மரத்துக்கு மரம் யானையைக் கட்டினாலும், இடம் முழுவதும் தேரை நிறுத்தினாலும், வாளால் அதை வாங்க முடியாது என்கிறார். வீரத்தைப் பற்றி அல்ல, சாப்பாட்டுப் பட்டியலைச் சொல்லித்தான் மூன்று வேந்தரை மிரட்டுகிறார். அரண் என்பது எதிரியின் ஊக்கத்தை அழிப்பது என்று வள்ளுவர் சொன்னதும் இதைத்தான்.

ஆனால் மறுபக்கமும் நம்மிடமே இருக்கிறது. புறநானூறு 44. நலங்கிள்ளி ஆவூரை முற்றியிருக்கிறான். நெடுங்கிள்ளி கோட்டையை அடைத்துக்கொண்டு உள்ளேயே கிடக்கிறான். கோவூர்கிழார் அவனைப் பார்த்துச் சொல்கிறார்: யானைகள் குளத்தில் படியவில்லை, நெற்கவளமும் நெய்யும் கிடைக்காமல் கட்டுத்தறியில் கிடந்து தவிக்கின்றன, குழந்தைகள் பாலின்றி அழுகின்றன, பெண்கள் பூவில்லாத வெறுந்தலையை முடிக்கிறார்கள். நீ அறவன் என்றால் "உனதே" என்று சொல்லிக் கதவைத் திற. மறவன் என்றால் போருக்காகத் திற. இரண்டும் செய்யாமல் அடைத்துக்கொண்டு ஒடுங்கிக் கிடப்பது நாணத்தக்கது.

அடைத்துக் கிடப்பதையே புலவர் இகழ்ந்தார் என்று பலர் பாடம் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாரியும் அடைத்துக்கொண்டுதான் இருந்தான், அவனைக் கபிலர் பாடவில்லையா? நெடுங்கிள்ளிக்கு உதவிக்கு வரப் படையில்லை, குதிரில் நெல்லில்லை. அவன் கடத்திய ஒவ்வொரு நாளுக்கும் விலை கொடுத்தது ஊர்க் குழந்தைகள். கோவூர்கிழாருக்குக் கோபம் அதில்தான்.

கோபிக்காரன்
திங்கள், மதியம் 12.10

வாய்க்கால் இல்லாத கல்.

சட்டப்புள்ளி
திங்கள், மதியம் 2.00

நான் சொத்து வழக்குகளில் உழல்பவன். வாய்தா மேல் வாய்தா வாங்கும் கட்சிக்காரர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒருவர் ஓர் ஆவணம் கைக்கு வரும்வரை வாங்குகிறார். இன்னொருவர் தீர்ப்பைக் கேட்கப் பயந்து வாங்குகிறார். நெடுங்கிள்ளி இரண்டாவது ரகம். எதிர்க்கட்சி வக்கீல் என்ற முறையில் முதல் ரகத்துக்குத்தான் நான் அஞ்சுவேன்.

நொய்யல்கரையான்
திங்கள், இரவு 11.15

அப்படியானால் தளபதி பொறுமையாக இருந்தும் மேலே இருப்பவருக்குப் பொறுமை இல்லாவிட்டால்?

கணவாய்க்காற்று
செவ்வாய், காலை 9.10

அதற்குச் சீனத்தில் ஒரு கொடுமையான உதாரணம் இருக்கிறது. சாங்பிங், கி.மு. 262 முதல் 260 வரை. சின் நாடு ஜாவ் நாட்டின்மேல் வருகிறது. ஜாவ் தளபதி லியன் போ முதிர்ந்தவர். முதல் மோதல்களில் அடி வாங்கியதும், அரண்கள் கட்டிக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். சின் படைக்கு ஊர் தூரம். உணவு கொண்டுவரும் வழி நீளம். திட்டம் சரியாகவே போய்க்கொண்டிருந்தது.

சின் நாட்டினர் வாளை வைத்துவிட்டு வாயை எடுத்தார்கள். "கிழவன் லியன் போவை எங்களுக்குப் பயமில்லை, ஜாவ் குவோ தளபதியாகிவிட்டால்தான் ஆபத்து" என்று ஜாவ் தலைநகரில் பேச்சைப் பரப்பினார்கள். தாமதத்தில் ஏற்கெனவே எரிச்சலாக இருந்த அரசன் நம்பிவிட்டான். போர்நூல்களை மனப்பாடமாக ஒப்பிக்கும் ஜாவ் குவோ வந்தார், அரணைவிட்டு வெளியே பாய்ந்தார், பாய் சி என்ற சின் தளபதி சுற்றி வளைத்தான். 46 நாள் உணவில்லை. உடைத்து வெளியேறப் பார்த்தபோது ஜாவ் குவோ கொல்லப்பட்டார். சரணடைந்தவர்களையும் சேர்த்து அழிந்தவர்கள் 4 லட்சத்துக்கும் மேல் என்கிறது பழைய சீன வரலாறு. எண்ணைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும், ஒரு நாடே அத்தோடு எழவில்லை.

காலம் கடத்தும் தளபதிக்கு முன்னால் இருக்கும் எதிரியைவிடப் பின்னால் இருக்கும் அரண்மனைதான் பெரிய தலைவலி. ஃபேபியஸுக்கும் லியன் போவுக்கும் ஒரே நோய். ரோமுக்கு இன்னொரு படை திரட்ட ஆள் இருந்ததால் அது பிழைத்துக்கொண்டது.

சுபேதார்_ஓய்வு
செவ்வாய், காலை 10.00

இன்னொரு வகையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு படையும் நாள்கணக்காக அணிவகுத்து எதிரெதிரே நின்றுவிட்டு, மாலையில் முகாமுக்குத் திரும்பிவிடும். நம் பிள்ளைகள் கேட்பார்கள், இதென்ன கூத்து என்று. கி.மு. 206, ஸ்பெயினில் இலிப்பா. ரோமத் தளபதி சிப்பியோ பல நாள் தாமதமாகவே வெளியே வந்து, வலிமையான ரோமரை நடுவில் நிறுத்திக் காட்டினார். கார்த்தேஜ் தளபதியும் அதற்கு ஏற்றபடி பழகிவிட்டார். ஒரு நாள் சிப்பியோ தன் ஆட்களை இருட்டோடு சாப்பிட வைத்து, விடியலிலேயே வந்து, அணியையும் மாற்றி நிறுத்தினார். எதிரி வயிறு காய அலறி ஓடிவந்து நின்றான். அதற்குப் பிறகும் சிப்பியோ மோதலை அவசரப்படுத்தவில்லை. வெயில் ஏற ஏற, பசியில் கை சோரட்டும் என்று இழுத்தார். அந்த நாட்களெல்லாம் எதிரியைப் பழக்குவதற்காகச் செலவழித்தவை.

"ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து." மோதும் கிடாய் பின்னால் போவது பயந்து அல்ல. பூலாம்வலசு சேவற்கட்டில் நல்ல சேவலும் இதைச் செய்யும்.

கோபிக்காரன்
செவ்வாய், காலை 11.20

மானப் பிரச்சினையும் சும்மா இல்லை. கி.மு. 479 பிளாட்டேயாவில் இரு படைகளும் ஆற்றுக்கு இரு பக்கமும் பத்து நாளுக்கு மேல் உட்கார்ந்திருந்தன. ஆற்றைக் கடந்தால் தோல்வி என்று இரு பக்கத்துக் குறிகாரர்களும் சொல்லிவிட்டார்களாம். (போருக்குப் போகுமுன் ஊர்ப்பக்கத்தில் நற்சொல் கேட்கும் நம் பாக்கத்து விரிச்சி போலத்தான். குறி என்ன சொன்னது என்பதைவிட, கடக்காமல் இருக்க ஒரு மரியாதையான காரணம் கிடைத்தது என்பது முக்கியம்.) பாரசீகக் குதிரைப்படை குடிநீர் ஊற்றைப் பாழாக்கியதும் கிரேக்கர்கள் இரவில் பின்வாங்க முடிவு செய்தார்கள். அமோம்ஃபரெட்டஸ் என்ற ஸ்பார்ட்ட அதிகாரி, "அந்நியனுக்குப் பயந்து நகரமாட்டேன், இதோ என் வாக்கு" என்று ஒரு பெரிய கல்லைத் தூக்கித் தளபதியின் காலடியில் போட்டார். விடியும்வரை வாக்குவாதம். விட்டுவிட்டு மற்றவர்கள் கிளம்பிய பிறகுதான் அவரும் நடந்தார். எந்தக் கூட்டத்திலும் இப்படி ஒரு சித்தப்பா இருப்பார்.

புலவர்_பவானி
செவ்வாய், மாலை 4.30

நொய்யல்கரையான், நீங்கள் தொடங்கிய கல்லை எல்லோரும் மறந்துவிட்டோம். மாடுகள் அவனுக்கு எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கின்றன? உடலில் அம்பு தைத்த அடையாளம் உண்டா?

நொய்யல்கரையான்
புதன், காலை 7.00

ஐயா, காலையிலேயே போய்ப் பார்த்தேன். மாடுகள் அவனுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே நடக்கின்றன. அவன் முகம் மேற்கே. மார்பில் இரண்டு சாய்வான கோடுகள், அம்பாக இருக்கலாம். எதிரி உருவம் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் பார்க்கலாமா என்று அப்பத்தாவைக் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

புலவர்_பவானி
புதன், காலை 9.20

துடைக்கவேண்டாம், அப்பத்தா சொல்வதே சரி. நடுகல் எடுப்பதைத் தொல்காப்பியம் கரந்தையோடு, அதாவது மாட்டை மீட்கப் போனவர்களோடு சேர்த்துச் சொல்கிறது. உங்கள் ஊர் அவனுக்குப் பட்டிப் பொங்கல் படையல் வைப்பதால், ஊர் மாட்டை மீட்டவன் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் கவர்ந்தவனும் தன் ஊருக்குத் தன் ஆள்தான். மாட்டைக் கொண்டுவந்து சேர்த்தவனுக்கும் அதே ஊர் கல் நட்டிருக்கும். எழுத்து இல்லாமல் வெட்சியா கரந்தையா என்று நான் துணிந்து சொல்லமாட்டேன்.

சுபேதார்_ஓய்வு
புதன், காலை 9.45

எதுவாக இருந்தாலும் வேலை ஒன்றுதான். மாடு ஓடாது, நடக்கும். அடித்து விரட்டினால் சிதறும். மாடு பட்டிக்குப் போய்ச் சேரும்வரை ஒருவன் மேற்கே பார்த்து நிற்கவேண்டும். தம்பி, அந்தக் கல்லிலிருந்து பழைய ஊர் எவ்வளவு தூரம்?

நொய்யல்கரையான்
வியாழன், காலை 8.10

ஐயா, நேற்று மாலை அதைத்தான் செய்து பார்த்தேன். பழைய ஊர் நத்தம் கல்லுக்குக் கிழக்கே இருக்கிறது. எங்கள் இரண்டு மாட்டையும் கன்றையும் கல்லருகில் அவிழ்த்து, அடிக்காமல், அதன் போக்கிலேயே ஓட்டிக்கொண்டு போனேன். வழியில் கன்று இரண்டு இடத்தில் நின்றது. நத்தத்துப் புளியமரம் வந்து சேர 42 நிமிடம் ஆயிற்று.

பங்காளியிடம் அந்த 42 நிமிடத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மூன்று மாட்டுக்கா?" என்றார். கல்லில் மூன்றுதான் செதுக்க இடம் இருந்தது என்று சொல்லியிருக்கிறேன். பட்டிப் பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பால் கறக்கும் நேரத்தில் மாட்டை எங்கே ஓட்டிக்கொண்டு போனாய் என்று அப்பத்தா இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.